பிறேக் பிடிக்குதா?

எங்கள் மதிலுக்கு அந்தப்பக்கம் ஆர்னோல்டின் கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். நான் எட்டிப் பார்ப்பதில்லை; கண்ணில் படும்.

ஞாயிறுதோறும் அவன் காருக்கடியில் கிடந்து பிறேக் திருத்துவான். முன்வீட்டு நதாலி சீற்றில் இருந்து பெடலை மிதிப்பாள்.

“பிடிக்குதா?”

“பிடிக்குதில்ல.”

எண்ணெய், குழாய், சிலிண்டர் எல்லாம் மாற்றியாயிற்று. நேற்று அவனுக்கு அலுத்துவிட்டது.

“இண்டைக்கும் பிடிக்காட்டி இதை வித்துப்போட்டு கொழும்புக்கே போயிருவன் புள்ள. பிடிக்குதா?”

நதாலியின் முகம் வாடியது. கிளச்சிலிருந்த காலை எடுத்துப் பிறேக்கில் வைத்தாள்.

“பிடிக்குதுகா!”

பாவம், பெடல் தெரியாத பிள்ளை என்பீர்கள். கல்லடிப் பாலத்தால் தினமும் பாடசாலை வேன் ஓட்டுகிறவளே அவள்தான்.

எது பிடிக்கிறது என்று ஆர்னோல்டுக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.