மழைக்கு மட்டும் பழுதாகும் கதவு

"இண்டைக்கு இந்தக் கதவு மூடாட்டி நான் ஸுமைரா இல்ல!"

முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஸுமைரா கராஜுக்குள் இறங்கினாள்.

பெல்மதுளையில் மழைக்கு என்றைக்குப் பஞ்சம்? ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் எதிரே இருந்த பஸ் ஹோல்ட் கொட்டகையை இடித்தார்கள். திரும்பக் கட்ட மறந்துபோனார்கள். அன்றிலிருந்து மழை வந்தால் தேயிலைத் தோட்டத்துச் சனம் மொத்தமும் இவள் கராஜில்தான். தரையெல்லாம் சேறு, மூலைக்கு மூலை வெற்றிலை எச்சில்.

"மழ விடும் வரைக்கும் நிண்டுட்டுப் போகட்டுமே" என்று கணவர் ஹலீம் ஒரேயொரு தடவை வாய் திறந்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைத்ததே பெரிய காரியம். அதன்பிறகு அவளைவிடச் சத்தமாக அவரே விரட்டத் தொடங்கிவிட்டார்.

அடம்பிடித்து ரிமோட்டில் இறங்கும் ரோலர் கதவையும் போடவைத்தாள் ஸுமைரா. கதவு காலையில் சொன்னபடி கேட்கும். மழை தொடங்கினால் போதும், முழங்கால் உயரம் வரை இறங்கி, கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி விறுக்கென்று மேலே போய்விடும்.

நாளைக்கு மகள் ஹிமாயாவுக்குக் கலியாணம் பேச வரக்காப்பொலயிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வாசலில் சேற்றையும் எச்சிலையும் மிதித்துக்கொண்டா உள்ளே வருவார்கள்?

கதவைப் போட்டுக்கொடுத்த தாஸிம் யட்டியாந்தோட்டையில் வேலையாக இருந்தான். போனில் பிடித்துவிட்டாள்.

"ராத்தா, மொதல்ல மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணுங்க. மேல ஈக்கிற ஸ்பிரிங் பெட்டில மட்டும் கை வச்சிடாதீங்க. வெரல் போயிடும்."

"வைக்க மாட்டேன். கீழ என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

"ரெண்டு பக்கமும் கணுக்கால் ஒசரத்துல சின்னக் கண் ஈக்கு. அது ரெண்டும் ஒண்டையொண்டு பாக்கணும். நடுவுல என்ன வந்தாலும் கதவு மேல போயிடும்."

"அப்ப அந்தக் கண்ணக் கழட்டி வீசிட்டா?"

"அல்லாஹ்வே! அத மட்டும் செய்யாதீங்க ராத்தா. கீழ ஒரு புள்ள நிண்டாலும் கதவுக்குத் தெரியாமப் போயிடும்."

சுவிட்சை நிறுத்தினாள். குனிந்து இரண்டு கண்களையும் துடைத்தாள். ஒன்றையொன்று நேராகப் பார்க்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தாள். பார்த்தன.

"ஒனக்கு ஏன் இந்த வேல? விடேன், அவன் திங்கக்கிழம வருவான்தானே" என்றார் வாசலில் நின்ற ஹலீம்.

"அவன் வாரது காலைல. அப்ப இது நல்ல புள்ள மாதிரி மூடும். எனக்கு இண்டைக்கே மூடணும்!"

கரண்டைப் போட்டு, கதவுக்கு நேர் கீழே ஓர் அட்டைப்பெட்டியை வைத்தாள். தள்ளி நின்று ரிமோட்டை அமுக்கினாள். பாதி வந்த கதவு மேலே ஏறியது. பெட்டியை எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். தரை வரை இறங்கி, 'டொக்' என்று உட்கார்ந்தது.

"பாத்தீங்களா! அல்ஹம்துலில்லாஹ்!"

சந்தோஷப்பட வேண்டிய மனிதர் கதவைத் திறந்து வேனை வெளியே நிறுத்தினார். திறந்தபடியே விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த தன் கடைக்குப் போனார்.

பின்னேரம் வானம் பொத்துக்கொண்டது. ஸுமைரா ரிமோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் கராஜ் நிறைந்துவிட்டது. முன்னால் தோட்டத்து மல்லிகா நின்றாள். கிளினிக்கிலிருந்து வருகிறாள்; கையில் கைக்குழந்தை.

கடையிலிருந்து ஹலீம் நனைந்துகொண்டே ஓடிவந்தார். மழை என்றால் கடையில் வியாபாரம் பாதியில் நின்றாலும் சரி, விரட்ட வந்துவிடுவார். வழக்கம்போல் கதவோரமாய் நின்று, ரோட்டைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்.

"இதென்ன பஸ் ஸ்டாண்டா? ஒவ்வொரு நாளும் இதே கரைச்சல்! பஸ் வந்ததும் ஒருத்தரும் நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி" என்றாள் மல்லிகா. "புள்ளைக்கு ஊசி போட்டிருக்குங்க. நனைஞ்சா காய்ச்சல் வந்துரும்."

ஸுமைராவுக்கு ஒரு கணம் மனது இளகியது. வரக்காப்பொல ஞாபகம் வந்ததும் இறுகிக்கொண்டது.

"எல்லாரும் வெளிய எறங்குங்க. கதவ மூடணும்."

குழந்தையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு மல்லிகா மழையில் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். ஸுமைரா ரிமோட்டை அமுக்கினாள்.

கதவு முழங்கால் உயரம் வரை வந்தது. விறுக்கென்று மேலே ஏறியது.

மறுபடி அமுக்கினாள். மறுபடி ஏறியது. இறங்கியவர்கள் திரும்ப உள்ளே ஓடிவந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன், மழக்கு இது சரிவராதெண்டு!" என்று கத்தினார் ஹலீம்.

ஸுமைரா விடுகிற ஆளா? கண்ணில் சாரல் பட்டிருக்குமோ என்று கதவோரமாய்க் குனிந்தாள்.

சாரல் படவில்லை. அந்தச் சின்னக் கண்ணுக்கு நேரே ஒரு செருப்புக் கால் நீட்டியிருந்தது. ஹலீமுடைய கால். அவரோ ரோட்டைப் பார்த்துத் தோட்டத்துச் சனத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எத்தனை மழைக்கு இந்த மனிதர் இதே இடத்தில் நின்றிருப்பார்! வெட்கம் அவள் முகத்தைச் சுட்டது.

ரிமோட்டோடு உள்ளே போனாள். ஒரு கதிரையும் துவாயும் கொண்டுவந்து மல்லிகாவிடம் கொடுத்தாள்.

"உக்காந்து புள்ளையத் தொடைங்க. நாளைக்கும் மழ வந்தா வாங்க. எங்க வீட்டுக்கு ஆள் வருவாங்க, அது பரவால்ல."

பிறகு கணவர் பக்கம் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"கால எடுங்க, வலிக்கும். ரிமோட்ட நான் அலுமாரில வச்சிப் பூட்டிட்டேன்."