நாலாவது மூலை

அமெரிக்காவின் ஒஹையோக் காட்டை வெட்டி நிலமாக்க முதலில் வந்தவன் ஏசா. வெட்டிய மரம் மேலே சாய்ந்து அவன் செத்து ஒன்பது நாள் ஆகிறது. பனி விழுமுன் வீடு நிற்காவிட்டால் ஒப்பந்தப்படி நிலம் போய்விடும்.

மரவீடு எழுப்ப அக்கம்பக்கத்தார் வந்தார்கள். மூலைக்கொருவர் ஏறி, கட்டைகளில் பள்ளம் வெட்டிப் பொருத்த வேண்டும். வந்த கோடாலிக்காரர்கள் மூவர்தான்.

"மூணு மூலையில வீடு நிக்குமா? பேசாம அப்பன் வீட்டுக்குப் போயிடும்மா," என்றார் பெரியவர் ஈனோஸ்.

"செத்தது அவரு, நான் இல்ல. கட்டையத் தூக்குங்க," என்றாள் டார்கஸ், ஏசாவின் மனைவி.

மதியத்துக்குள் நான்கு மூலையும் தோளுயரம் வந்துவிட்டன. நாலாவது மூலையில் ஆளில்லை. வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது, சில்லுகள் விழுந்தன. ஈனோஸ் தொப்பியைக் கழற்றினார். பிறகு அடுத்த கட்டையை அந்தப் பக்கம் நீட்டினார்.

டார்கஸ் அந்த மூலையைப் பார்த்தாள்.

"ஜன்னலக் கெழக்கால வைங்க."

சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு கிழக்குச் சுவரில் கேட்டது.