அரை மில்லி

“அரை மில்லி நகர்ந்ததுக்கா ரிஜெக்ட் போட்டே, மாதேஸ்வரி?”

ஓசூர் பட்டறையின் சூப்பர்வைசர் கோவிந்தப்பன் கொதித்தார். துப்பாக்கி மேல் தொலைநோக்கியைப் பொருத்தும் மவுண்ட் அது. திருகினால்தான் நகர வேண்டும். இதுவோ தட்டினாலே நகர்ந்தது.

“குறி தப்பிடும் சார்.”

“சானமாவு காட்டு யானைக்கு மயக்க ஊசி போடற துப்பாக்கிம்மா. அந்த உடம்புல எங்க சுட்டாலும் படும்! ஓகே பண்ணு. இல்லன்னா நாளைலருந்து வராதே.”

“எலும்புல பட்டா மருந்து சரியா ஏறாது சார்.” மாதேஸ்வரி பேனாவைத் தொடவில்லை.

“உன் வீட்டுக்காரனும் ஃபாரஸ்ட்லதானே இருக்கான்? குறி தப்பினா அவன் பேரு கெட்டுடும்னு பயமா?”

“சுடறது டாக்டருங்க சார்.”

“அப்புறம் உனக்கென்ன?”

“யானை மயங்கிடுச்சான்னு மொதல்ல வாலை இழுத்துப் பாக்கறது எங்க வீட்டுக்காரரு.”