பத்து மணிக் கையெழுத்து

ஏரியைக் கெடுக்கும் ஆலையை எதிர்த்து, வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்த அன்று பேனரின் ஒரு முனையைப் பிடித்திருந்தது அறிவுக்கொடி, மறு முனையைப் பிடித்திருந்தது சிலம்பாயி. வழக்கில் அறிவுக்கொடி முதல் பெயராக வந்தாள். சிலம்பாயி ‘மற்றும் பலர்’ ஆகிப்போனாள். ஜாமீனில் வந்த அறிவுக்கொடி ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். அவள் தெருவில் நடந்தால் டீக்கடையில் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறார்கள். துணைக்குப் போகும் சிலம்பாயியை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. “நீ குடுத்து வெச்சவடி, உனக்கு ஒரு தொல்லையும் இல்ல” என்று அறிவுக்கொடி வேறு சொன்னபோது, இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. நாற்பதாம் நாள், வழக்கம்போல வாசலில் நிற்காமல் பின்னாலேயே உள்ளே போனாள். அறிவுக்கொடி கீழே வைத்த பேனாவை வெடுக்கென்று எடுத்து, அவள் கையெழுத்துக்கு அடியில், அதைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதினாள்.

“யாரும்மா நீ? உன் பேரு கேஸுலயே இல்லையே!” என்று நோட்டைப் பிடுங்கினார் ஏட்டு.

“ஏன் இல்ல? கடைசியில பாருங்க சார். அந்த மற்றும் பலர் நான்தான்.”