சத்து மாத்திரை டப்பா

காலை வெயில் மேஜையில் விழுகிறது. தில்லைநகர் மருத்துவமனையில் புது மருந்தைச் சோதிக்கும் அறை இது. உணவைச் சக்தியாக்கும்போது உடம்பு தானே உண்டாக்கும் ஒரு பொருளிலிருந்து செய்த மாத்திரை. உடம்பின் நரம்பையே தின்னும் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கக்கூடும் என்கிறார்கள். என் மகள் ஜாஹ்னவி அதைச் சாப்பிடுகிறாள். இந்த மாதம்தான் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். நர்ஸ் சம்ரீன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

“சார், இது சத்து மாத்திரை டப்பால்ல? நாங்க குடுத்தது எங்க?”

அந்த டப்பா கொள்ளிடம் ஆற்றில் கிடக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணில் அதன் மேல் இருந்த நோயின் பெயர் படக்கூடாதென்று மாத்திரைகளை இதில் கொட்டியவன் நான்.

“காத்து பட்டா மருந்து கெட்டுடும் சார். டப்பா மாத்தினா சோதனையிலேர்ந்து எடுத்துடுவாங்கன்னு முதல் நாளே சொன்னேனே. யாரு மாத்துனது?”

மின்விசிறி கிறீச்சிடுகிறது. ஜாஹ்னவி தன் முழங்காலைத் தடவிக்கொள்கிறாள்.

“நான்தான். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

“என்னக்கா நீங்க, படிச்சவங்க…”

சம்ரீன் சோதனையிலிருந்து நீக்கும் படிவத்தில் எழுதத் தொடங்குகிறாள். நான் முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.