பிடிக்குள் போகும் கத்தி

பன்னிரண்டு வருடமாக அதே நாடகம். அரசன் வேடம் கட்டும் எதிராஜை, உயிர் நண்பனான தளபதி முதுகில் குத்திக் கொல்ல வேண்டும். தளபதி குணபூஷணம். மேடையேறுமுன் அந்தக் கத்தியை எதிராஜின் உள்ளங்கையில் மூன்று முறை அழுத்தி, அலகு பிடிக்குள் போவதைக் காட்டுவது அவன் வழக்கம். இன்று காட்டவில்லை.

“கத்தி எங்கடா?”

“இருக்குண்ணே. போங்க, மணி அடிச்சாச்சு.”

கைதட்டல் தன்னைவிட அவனுக்கே அதிகம் என்ற பொறுமலில், அவனை மாற்றிவிடச் சொல்லி முதலாளி காதில் நேற்று ஓதியது எதிராஜ்தான். தெரிந்துவிட்டதோ?

கடைசிக் காட்சியில் அரசன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் செருப்புச் சத்தம் நெருங்க நெருங்க எதிராஜுக்கு வசனம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. குத்து விழுந்தது. அலகு வழக்கம்போல் பிடிக்குள் போய்விட்டது. அப்பாடா என்று சரிந்து, கண்ணை மூடிச் செத்தான்.

குத்தியவன் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். எதிராஜின் கன்னத்தில் சூடாகச் சொட்டியது. மேடையில் குணபூஷணத்துக்கு ஒருநாளும் நிஜக் கண்ணீர் வந்ததில்லை.

“ஏண்ணே அப்படிப் பண்ணீங்க?” என்றான் காதோரம்.

செத்தவன் வாய் திறக்கக் கூடாது. திரை விழ இன்னும் ஒரு முழுப் பாட்டு இருந்தது.