கொட்டகைக்கு வந்த லேத்து

மாட்டுக் கொட்டகையில் வெங்கடபதி வாங்கிப்போட்ட, இரும்பு கடையும் பழைய லேத்து நிற்கிறது. மாடு வெளியே மழையில் நிற்கிறது. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக், போத்தனூர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அது இந்த லேத்தில் உட்காராததால், உடைந்த பம்பு மூடி ஒன்றை அதே லேத்தில் கடைந்து இரண்டுக்கும் நடுவே மாட்டியிருக்கிறான். இன்று சக் கோணாமல் சுற்றாவிட்டால் லேத்து வெளியே, மாடு உள்ளே என்பது மனைவி கனகத்தின் தீர்ப்பு. அந்தச் சேதியைத் தெருவுக்கு முதலில் சொல்லும் உரிமை தனக்கே என்று பக்கத்து வீட்டு ரங்கநாயகி கொட்டகை வாசலில் குடையோடு நிற்கிறாள்.

"ஏனப்பா, ஆட்டுக்காலை மாட்டுக்கு ஒட்டவெச்ச மாதிரியல்ல இருக்குது?"

"செத்த பொறுங்கக்கா" என்று அவன் சுவிட்சைப் போடுகிறான். தகரக் கூரை அதிர்கிறது. சுழலும் சக்கின் அருகே சாக்கட்டியை மெல்ல மெல்ல நீட்டுகிறான். கோணல் இருந்தால் ஒரு பக்கம் மட்டுமே வெள்ளை படும். சுவிட்சை அணைக்கிறான்; சக் ஓய்ந்து நிற்கிறது. கறுத்த இரும்பைச் சுற்றி, எங்கும் அறாமல், மயிரிழையாய் ஒரு வெள்ளை வளையம். தெருவிலேயே பெரிய கோலக்காரி ரங்கநாயகி. அவள் கை போட்ட ஒரு சுழிகூட இத்தனை வருஷத்தில் இப்படி வந்ததில்லை. குடை சாய்ந்து தோள் நனைவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஏனுங்கக்கா," பின்னால் வந்து எட்டிப்பார்த்த கனகம் தணிந்த குரலில் கேட்கிறாள், "மாட்டை உங்க ஊட்டுல கட்டிக்கட்டுங்களா?"

வளையத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ரங்கநாயகி சொல்கிறாள்: "கட்டிக்க அம்மணி."